வேடசந்தூர் நூலும் திருப்பூர் பனியனும்

பனியன் துணியில் பட்டை விழுந்திருப்பது சாயம் ஏறிய பிறகுதான் தெரியும். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பு வெள்ளையாக, ஒரே சீராகத்தான் இருக்கும். சாயப்பட்டறையில் கருநீலமோ கரும்பச்சையோ ஏற்றி, காயவைத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும். கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை. ஆனாலும் அந்தத் துணியில் தைத்த சட்டையை எந்த பையரும் எடுக்கமாட்டார். அதற்குள் நூலுக்கும் நிட்டிங் கூலிக்கும் சாயத்துக்கும் பணம் போயிருக்கும். ஷிப்மெண்ட் தேதியும் நெருங்கியிருக்கும்.

கோளாறு தெரிந்த இடம் திருப்பூர் என்றாலும், பல நேரம் அது பிறந்த இடம் வேறு. நிட்டிங் மெஷினே காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நூலைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நன்றாக முற்றிய பருத்தி இழை சாயத்தை ஆழமாகக் குடிக்கும், முற்றாத இழை அந்த அளவுக்குக் குடிக்காது. முற்றிய பஞ்சு அதிகமாகக் கலந்த நூலும் முற்றாதது அதிகமாகக் கலந்த நூலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே துணியில் ஓடிவிட்டால், வெள்ளையில் தெரியாத வேறுபாடு நீலத்தில் பட்டையாக நிற்கும். தொழிலில் இதற்கு ‘பாரே’ என்று பெயர்.

இப்படி ஒரு கோளாறு எங்கே பிறந்தது என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிகிறதா, அல்லது மில்காரரும் நிட்டிங்காரரும் சாயப்பட்டறைக்காரரும் ஒரு மாதம் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்களா? ஒரு உற்பத்தியாளரின் விநியோகச் சங்கிலி உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்பதைப் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. பொருள் முன்னோக்கிப் போவது பெரிய வித்தை அல்ல. லாரி ஏற்றினால் போய்விடும். வாடிக்கையாளரிடம் என்ன நடந்தது என்ற செய்தி பின்னோக்கி, அதுவும் சரியான ஆளிடம், சரியான மெஷினிடம் வந்து சேர்வதுதான் கடினம். வாடிக்கையாளரை மையமாக வைத்த சங்கிலியைக் கட்டுவது என்றால், அந்தத் திரும்புபாதையைக் கட்டுவது.

திண்டுக்கல் சமவெளியில் இதைப் பார்ப்பது எளிது. நகரிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வேடசந்தூர் வட்டாரத்தில் சாலையின் இருபுறமும் நூற்பாலைகள். தமிழ்நாடு நாட்டிலேயே அதிக நூற்பாலைகளைக் கொண்ட மாநிலம், ஆனால் இந்த மில்களின் பசிக்கு இங்கே விளையும் பருத்தி எந்த மூலைக்கும் போதாது. குஜராத்தின் சங்கர்-6 ரகப் பஞ்சு வருகிறது, மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேல் பேலாக வருகிறது, உயர்ரக நூலுக்கு வெளிநாட்டுப் பஞ்சும் கப்பலேறி வருகிறது. நூற்ற பிறகு மேற்கே தாராபுரம் வழியாகத் திருப்பூருக்கும், வடக்கே கரூர் விசைத்தறிகளுக்கும், தெற்கே தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போகிறது. கச்சாப் பொருளும் வெளியூர், வாங்குபவரும் வெளியூர். நடுவில் நிற்கும் மில்லுக்கு இரண்டு பக்கமும் கண் வேண்டும்.

யார் வாடிக்கையாளர்?

‘வாடிக்கையாளரே முதன்மை’ என்று எழுதி அலுவலகச் சுவரில் மாட்டுவது சுலபம். நூற்பாலைக்கு வாடிக்கையாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் அவ்வளவு சுலபமாக வராது. பணம் கொடுப்பவர் பனியன் கம்பெனி முதலாளி. நூலை மெஷினில் மாட்டி, அது அறுகிறதா இல்லையா என்று அனுபவிப்பவர் நிட்டிங் ஆபரேட்டர். சேடு ஒத்துவருகிறதா என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர் சாயப்பட்டறை மாஸ்டர். மூன்றாவது துவைப்பில் சட்டை மேலே உருண்டை உருண்டையாகப் பிசிறு எழுந்தால் வருத்தப்படுபவர் ஸ்டாக்ஹோமிலோ சென்னையிலோ அதைப் போட்டுக்கொண்டிருப்பவர்.

இந்த நால்வருக்கும் தேவை வேறு வேறு. முதலாளிக்கு விலையும் கடனும், ஆபரேட்டருக்கு அறுந்துபோகாத நூல், மாஸ்டருக்கு மாறாத பஞ்சுக் கலவை, அணிபவருக்கு மென்மையும் உழைப்பும். மில்லின் விற்பனைப் பிரிவு முதலாளியோடு மட்டும் பேசினால் மில்லுக்குக் கேட்பது விலைப் பேச்சு மட்டும்தான். மற்ற மூவரின் குரல் டெபிட் நோட்டாக, அதாவது ‘உங்கள் நூலால் இவ்வளவு நட்டம், பில்லில் கழித்துக்கொள்கிறோம்’ என்ற தாளாக, மாதங்கள் கழித்து வந்து சேரும். அப்போது அந்த நூலைச் சுற்றிய மெஷினில் வேறு நூல் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நல்ல மில்கள் விற்பனையாளரை மட்டுமின்றித் தர ஆய்வாளரையும் திருப்பூருக்கு அனுப்புகின்றன. அவர் நிட்டிங் ஷெட்டில் நின்று ஒரு ரோல் துணிக்கு எத்தனை முறை நூல் அறுகிறது என்று பார்க்கிறார், சாயப்பட்டறையில் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். மில்லுக்குத் திரும்பியதும் அவர் பேசுவது மேலாளர் அறையில் அல்ல, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் ஓடும் தளத்தில். எந்தச் சாஃப்ட்வேரையும் வாங்குவதற்கு முன் ஒரு உற்பத்தியாளர் செய்யவேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மூட்டையில் ஒட்டிய எண்

நூலின் பருமனை நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே நம்பர், அல்லது கவுண்ட். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 68 கிலோமீட்டர், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கே போய்விடும். அந்த நீளத்தில் எங்கோ ஒரு சாண் மெலிந்திருந்தாலும் மெஷினில் அறுந்து துணியில் ஓட்டை விழலாம். கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கக்கூடிய பொருள் அல்ல இது. மில்லின் தரம் முழுக்க ஒழுங்கில் இருக்கிறது, அந்த ஒழுங்கின் பெயர் லாட்.

லாட் என்பது ஒரே கலவைப் பஞ்சில், ஒரே அமைப்பில் நூற்கப்பட்ட ஒரு தொகுதி. பேல்கள் மில்லுக்கு வந்ததும் மாதிரி எடுத்துச் சோதனைக் கருவியில் இழை நீளம், வலிமை, மைக்ரோனேர் மூன்றையும் அளக்கிறார்கள். மைக்ரோனேர் என்பது குறிப்பிட்ட எடைப் பஞ்சின் ஊடே காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை வைத்து இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துச் சொல்லும் எண். சாயம் எப்படி ஏறும் என்பதற்கு முன்னறிவிப்பு இதுதான். அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு முறை பேல்களை வரிசையாக அடுக்கும்போதும் சராசரி மாறாதபடி கலக்கிறார்கள். இன்றைய அடுக்கில் மைக்ரோனேர் கூடின பேல் நான்கு இருந்தால் நாளையும் நான்கு. கிடங்கில் நல்ல பேல்களை முதலில் தீர்த்துவிட்டு மாதக் கடைசியில் மிச்சத்தை ஓட்டும் மில்லில் பட்டைத் துணி பிறப்பது உறுதி.

அங்கிருந்து புளோரூம், கார்டிங், டிராயிங், தேவைப்பட்டால் குட்டை இழைகளைச் சீவி நீக்கும் கோம்பர், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங் என்று போய்க் கடைசியில் கோனில் சுற்றப்படுகிறது. கோன் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. ஒவ்வொரு கவுண்டுக்கும் கோன் நுனிக்கு ஒவ்வொரு வண்ணம், தவறிப்போய் முப்பதாம் நம்பர் பெட்டியில் முப்பத்து நான்காம் நம்பர் கோன் விழுந்தால் கண்ணில் பட்டுவிடவேண்டும் என்பதற்காக. பேக்கிங்குக்கு முன் கோன்களை ஓர் இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளை. அந்த ஊதா வெளிச்சத்தில் கலவை மாறிய கோன், அல்லது உள்ளே ஒரு வளையம் மட்டும் வேறு பஞ்சாக உள்ள கோன், தனித்து மின்னும் அல்லது மங்கும். அதை எடுத்து ஓரமாக வைக்கும் ஊழியர், திருப்பூரில் விழவிருந்த ஒரு பட்டையைத் திண்டுக்கல்லிலேயே நிறுத்திவிடுகிறார்.

பிறகு மூட்டையில் லாட் நம்பர் ஒட்டப்படுகிறது. இந்த எண்ணுக்குப் பின்னால் எந்தெந்த பேல், எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்ற பதிவு இருக்கவேண்டும். முன்னால், நிட்டிங்காரர் எந்த ரோல் துணியில் எந்த லாட்டை ஓட்டினார் என்ற பதிவு இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் பட்டை விழுந்த துணியின் ஒரு துண்டு மில்லுக்கு வந்த அன்றைக்கே காரணம் தெரிந்துவிடும். ஒன்று இல்லாவிட்டாலும் சங்கிலி அங்கே அறுந்துபோகும். திருப்பூர்ப் பக்கத்திலும் பொறுப்பு உண்டு. ஒரு லாட் மூட்டைகள் தீருமுன் அடுத்த லாட்டை அதே மெஷினில் மாட்டினால் மில் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் பெரிய கணினி அமைப்பு வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. ஸ்டிக்கரைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். கணினி அமைப்பு உதவுவது அளவு பெருகும்போதுதான். நூறு பார்ட்டிகள், இருபது கவுண்ட், ஆயிரக்கணக்கான மூட்டை என்று ஆனபின் எந்த லாட் எங்கே இருக்கிறது என்று ஒரு மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆனால் ஸ்டிக்கரே ஒட்டாத மூட்டையைப் பற்றி எந்தக் கணினியும் எதுவும் சொல்லாது.

எதைச் செய்துவைப்பது, எதைக் கேட்டபின் செய்வது

வாடிக்கையாளர் கேட்டதும் கொடுக்கவேண்டும், அதேநேரம் விற்காத சரக்கில் பணம் முடங்கவும் கூடாது. எல்லா உற்பத்தியாளருக்கும் உள்ள இழுபறி இது. இதற்கு இத்தாலியின் பெனெட்டன் நிறுவனம் 1970-களில் கண்ட வழி இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஸ்வெட்டரை முதலில் சாயமில்லாமல் பின்னிவைத்தார்கள். எந்த வண்ணம் விற்கிறது என்று கடைகள் சொன்ன பிறகு சாயம் ஏற்றினார்கள். வேறுபாட்டை எவ்வளவு தாமதமாக உண்டாக்க முடியுமோ அவ்வளவு தாமதமாக உண்டாக்குவதே தந்திரம்.

நூற்பாலையில் இதன் வடிவம் இப்படி. ஹோசியரிக்கான முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் கோம்ப் நூலை எல்லாரும் வாங்குகிறார்கள், அதைச் செய்து கிடங்கில் வைத்திருக்கலாம். வண்ண இழை கலந்த மெலாஞ்ச், இடையிடையே தடித்த ஸ்லப், ஆர்கானிக் பஞ்சு நூல் போன்றவற்றை ஆர்டர் வந்த பிறகே ஓட்டவேண்டும். எந்த நூல் எந்தப் பக்கம் என்ற கோட்டைச் சரியாகப் போட, யாருக்கு எந்த மாதத்தில் எது வேண்டியிருந்தது என்ற பழைய கணக்கும், அடுத்த பருவத்துக்கு என்ன சாம்பிள் போகிறது என்ற பார்ட்டியின் வாய்ச்சொல்லும் வேண்டும். சாம்பிள் போகும்போதே மில்லுக்குச் சொல்லிவிடும் ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் கிடைத்ததும் நூல் தயாராக இருக்கும். ஆர்டரைப் பொத்திவைத்துக் கடைசி வாரத்தில் நூல் தேடுபவர் கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பி இலாபத்தைத் தொலைப்பார்.

ஒருவர் மற்றவரிடம் உண்மையான தேவையைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொங்குப் பகுதியும் திண்டுக்கல்லும் கொரோனாவுக்குப் பிறகு பட்டு அனுபவித்தன. அதைச் சொல்லுமுன் ஒரு கணக்கு. கடையில் 100 சட்டை விற்கிறது. நன்றாகப் போகிறதே என்று கடைக்காரர் 110 கேட்கிறார். பிராண்ட் நிறுவனம் எதற்கும் இருக்கட்டும் என்று 125-க்கு ஆர்டர் போடுகிறது. ஆடைத் தொழிற்சாலை நூல் தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில் 145-க்கு நூல் வாங்குகிறது. மில் 170-க்குப் பஞ்சு பிடிக்கிறது. விற்பனை சற்றே சுணங்கி 95 ஆனதும் இத்தனை படியும் தலைகீழாகச் சரியும். கடையிலிருந்து தொலைவில் இருப்பவருக்கு அடி பலம். எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே இதை விளக்கியிருக்கிறார், சாட்டை விளைவு என்று இதற்குப் பின்னாளில் பெயர் வந்தது. கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெருவீச்சு.

கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் மேலைநாடுகளில் ஆடை வாங்கும் வேகம் கூடியது, ஆர்டர்கள் குவிந்தன. 2021 தொடக்கத்தோடு ஒப்பிட்டால் பஞ்சு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலையேற்றத்தைக் கண்டித்து அந்த மே 16, 17 தேதிகளில் திருப்பூர் கடையடைத்தது. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் வால்மார்ட்டும் டார்கெட்டும் சரக்கு மிதமிஞ்சிக் கிடக்கிறது என்று தங்கள் காலாண்டுக் கணக்கில் காட்டின. அங்கே அலமாரி நிரம்பி வழியும்போது இங்கே பஞ்சுக்கு ஓட்டம். பிறகு ஆர்டர் வற்றியது. லட்ச ரூபாய்ப் பஞ்சைக் கையில் வைத்திருந்த மில்களின் நிலையை விளக்கவேண்டியதில்லை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டின் சிறு நூற்பாலைகள் உற்பத்தி நிறுத்தத்தையே அறிவித்தன. கடையின் கல்லாவில் என்ன நடக்கிறது என்ற தகவல் வேடசந்தூர் வரை வந்திருந்தால் இழப்பு முழுக்க நீங்கியிருக்காது. ஆனால் மில்கள் இவ்வளவு ஆழமாக விழுந்திருக்கவும் வேண்டாம்.

விலை அறிவிப்பு முறையும் இதில் சேரும். மில்கள் நூல் விலையை மாதந்தோறும் முதல் தேதியில் அறிவிப்பது வழக்கம். ஏற்றுமதியாளரோ சட்டை விலையை மூன்று நான்கு மாதம் முன்பே பையரிடம் ஒப்புக்கொண்டிருப்பார். இந்த இடைவெளியில் விழும் நட்டத்தை யாரேனும் ஒருவர் தனியாகச் சுமக்கவேண்டியிருக்கிறது. ஒரு ஆர்டர் முழுமைக்கும் நூல் விலையை முன்பே பேசி உறுதிசெய்துகொள்ளும் மில்லும் ஏற்றுமதியாளரும் உண்டு, ஆனால் விலை ஏறினால் மில் பின்வாங்குகிறது, இறங்கினால் வாங்குபவர் பின்வாங்குகிறார். இணைந்த சங்கிலிக்குச் சொல் தவறாமை முதல் தேவை. அதற்குத் தொழில்நுட்ப மாற்று எதுவும் கிடையாது.

பணமும் சங்கிலியில் ஓடும் பொருள்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. பல ஆண்டுகள் அது ஏட்டோடு நின்றது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமானவரிச் சட்டப் பிரிவு 43பி(எச்) அதற்குப் பல் வைத்தது: காலம் தாழ்த்தினால், பணத்தைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வரிக்கணக்கில் கழிக்க முடியாது. பெரிய பனியன் கம்பெனி பணத்தை இழுத்தால் நிட்டிங்காரர் இழுப்பார், நிட்டிங்காரர் இழுத்தால் மில் பஞ்சு வியாபாரியிடம் இழுக்கும், கடைசியில் மலிவான கலவைப் பஞ்சு வாங்கவேண்டி வரும். பட்டை விழுந்த துணிக்கும் தாமதமான செக்குக்கும் உறவுண்டு.

பூட்டு

திண்டுக்கல் என்றதும் நூலுக்கு முன் நினைவுக்கு வருவது பூட்டு. நாகல்நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கையால் செய்த லிவர் பூட்டுகள், மாங்காய்ப் பூட்டுகள் நாடெங்கும் போயின. கோயிலுக்கு, கிடங்குக்கு, வீட்டுக்கு என்று கேட்டபடி செய்து கொடுத்தார்கள். ஒரு பூட்டின் சாவி மற்றதற்குச் சேராது, ஏனென்றால் லிவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவிச் சாவிக்கு இணங்கச் செய்தவர் ஒரே கைவினைஞர். பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957-ல் தொடங்கியது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே அலிகரின் இயந்திரப் பூட்டு மலிவு விலையில் சந்தையை எடுத்துக்கொண்டது.

வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வேலைசெய்த தொழில் ஏன் நொடித்தது? விலை ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டறை வாசலுக்கு வந்த வாடிக்கையாளரின் குரல் கைவினைஞருக்குத் துல்லியமாகக் கேட்டது, வாசலுக்கு வராதவரின் குரல் கேட்கவே இல்லை. அடுக்குமாடி வீடுகளின் கதவுக்குள் பதிக்கும் பூட்டு எப்படி மாறிவருகிறது என்று நகரத்து வன்பொருள் கடைக்காரருக்குத் தெரிந்தது பட்டறைக்குத் திரும்பி வரவில்லை. இன்றும் ஒரு பட்டறை செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. பூட்டின் அடியில் ஓர் எண்ணைப் பொறித்து, செய்தவர் யார், எத்தனை லிவர், எந்தக் கடைக்குப் போனது, வாங்கியவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று ஒரு பதிவேட்டில் குறித்துவைப்பது. சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லிப் புதுச் சாவி வாங்கலாம் என்றால் வாங்கியவர் மறுபடி தொடர்புகொள்வார். கைவேலைப் பூட்டுக்கு நியாயமான விலை கொடுக்கத் தயாராக இருப்பவரை இந்தப் பதிவேடுதான் அடையாளம் காட்டும்.

தாள்களின் சங்கிலி

இப்போது வெளிநாட்டு பையர் கேட்பது நல்ல நூல் மட்டுமல்ல, அந்த நூலின் பூர்வீகம். சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பொருள்களைக் கட்டாய உழைப்பின் விளைவாகக் கருதித் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டையிலுள்ள பஞ்சு அங்கே விளைந்தது அல்ல என்று நிரூபிக்கப் பேல் வரை தாள் காட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஆடைகளுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு முறையை நோக்கி நகர்கிறது. இந்திய அரசின் ‘கஸ்தூரி காட்டன்’ திட்டம் ஒவ்வொரு பேலுக்கும் அடையாளக் குறி கொடுத்து ஜின்னிங் ஆலையிலிருந்து பின்தொடர வழிசெய்கிறது.

ஆர்கானிக் நூலில் இது ஏற்கெனவே பழக்கம். பஞ்சு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பரிவர்த்தனைச் சான்றிதழ். அதைச் சரிபார்க்கும் முறை கணக்குதான்: கோம்பிங் செய்த நூலில் கழிவே கால்பங்கு வரை போகும், ஆகவே 100 கிலோ ஆர்கானிக் பஞ்சு வாங்கிய மில் 95 கிலோ கோம்ப் நூல் விற்றதாகக் காட்டினால் எங்கோ சாதாரணப் பஞ்சு புகுந்திருக்கிறது. தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2020 அக்டோபரில் ஆர்கானிக் ஆடைகளுக்கான உலகத் தர அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் புழங்கியதைக் கண்டுபிடித்து அறிவித்தது. நேர்மையாக ஆர்கானிக் வாங்கிய மில்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாயின. லாட் ஒழுங்கு ஏற்கெனவே உள்ள மில்லுக்கு இந்தப் புதிய விதிகள் பெரிய சுமை அல்ல, ஏற்கெனவே எழுதுவதை இன்னும் இரண்டு கட்டம் நீட்டி எழுதுவதுதான். பதிவே இல்லாத மில் புதிதாகத் தாள் தயாரிக்க உட்காரும்போதுதான் பொய் புகுகிறது.

தளத்தில் நிற்பவர்

இதுவரை சொன்னவற்றில் ஒருவரை நான் இன்னும் போதிய அளவு பேசவில்லை. ஊதா விளக்கின் கீழ் கோனைப் பிரிப்பவர், அறுந்த நூலை ஒட்டுபவர், தைத்த சட்டையைச் செக்கிங் மேசையில் திருப்பிப் பார்ப்பவர். இந்த வட்டார ஆலைகளில் இவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வேன் ஏறி வரும் பெண்கள். தவறைக் கண்டதும் வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இருக்கவேண்டும். ‘லாட் மாறிவிட்டது’ என்று சொன்னால் மேற்பார்வையாளரின் வசவு கிடைக்கும் என்றால் கோன் பேசாமல் மூட்டைக்குள் போகும்.

வசவையும் தாண்டிய கொடுமையை இந்தப் பகுதி கண்டது. ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தைச் சேர்ந்த, வேடசந்தூர் அருகேயுள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலையின் துணி போய்ச்சேர்ந்த இடங்களில் உலகப் பெயர் பெற்ற கடைகள் இருந்தன. கடைக்காரர்கள் அனுப்பிய தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் வந்துபோகும் தொழில் இது. ஆனால் பெண்கள் அனுபவித்த துன்புறுத்தல் எந்த அறிக்கை வழியாகவும் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை.

2022 ஏப்ரலில் உருவான ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ இந்த இடைவெளியை அடைக்கத்தான். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி, அமெரிக்காவின் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பு ஆகியவை ஈஸ்ட்மேனோடு கையெழுத்திட்டன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படும் தனி ஒப்பந்தங்களில் இணைந்தன. ஒப்பந்தத்தின்படி ஏறக்குறைய 25 தொழிலாளர்களுக்கு ஒரு கண்காணிப்பாளர், அவரும் தொழிலாளர்களில் ஒருவர். பாலினத் துன்புறுத்தல், சாதி இழிவு பற்றிய புகார்களை அவர்களிடம் சொல்லலாம். புகாரைத் தீர்க்க நிர்வாகத்துக்கு வெளியே சுயேச்சையான ஏற்பாடு உண்டு. ஆலை ஒத்துழைக்காவிட்டால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்கவேண்டும். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்து 182 தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தத் தரப்பினரின் அறிக்கை சொல்கிறது. இத்தனை புகார் வந்ததே வெற்றி என்பேன். அந்தப் பெண்களுக்கு வாய் திறக்கப் பயம் குறைந்திருக்கிறது.

இது அறம் சார்ந்த விஷயம், அதோடு வியாபாரமும் கூட என்பதை அந்த ஆண்டே காட்டியது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி நாச்சி அப்பேரல் சரக்குகளைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவிட்டது. இப்படிப்பட்ட தடைகள் விலக ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. இங்கே செப்டம்பர் முதல் வாரத்திலேயே தடை தளர்ந்தது. ஒப்பந்தப்படி ஆலையில் ஏற்கெனவே நடந்துவந்த திருத்தங்களை ஆதாரத்தோடு காட்ட முடிந்தது அதற்குக் கைகொடுத்தது. வாஷிங்டனுக்குப் போன அந்த ஆதாரத்தின் தொடக்கம், தையல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் கண்காணிப்பாளரிடம் சொன்ன புகார்கள்.